தரகர் போன பிறகு

2022ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் இலண்டன், பர்மிங்ஹாம் நகரங்களின் பெருஞ்சாலைகளில் சென்றவர்கள், வழக்கம்போல் சோப்போ மோட்டார் வண்டியோ விற்பனைக்கு வந்திருப்பதாக எண்ணி விளம்பரப் பலகைகளை நிமிர்ந்து பார்த்து, அங்கே விவாகத்துக்கு நிற்பவர் ஒரு முஸ்லிம் வாலிபர் என்று கண்டு புன்னகைத்தார்கள். பெற்றோர் ஏற்பாடு செய்யும் கல்யாணத்திலிருந்து தம்மைக் காப்பாற்றுமாறு அவர் வழிப்போக்கர்களை இறைஞ்சியிருந்தார். விருப்பமுள்ளவர்கள் மனு அனுப்புவதற்கென்று தம் பெயராலேயே ஓர் இணையதளமும் வைத்திருந்தார். பத்திரிகைகள் அந்தச் செய்தியை உலகெங்கும் கொண்டு சென்றன. பின்னர் உண்மை வெளிப்பட்டது: முஸ்லிம்களுக்கு வரன் தேடித் தரும் மஸ்மேட்ச் என்ற செயலி நிறுவனத்தின் விளம்பர யுக்தி அது. வாலிபரின் பரிதாபக் கதை புனைவாக இருந்தபோதிலும், அந்தப் பலகையைக் கண்டவுடன் எத்தனையோ வீடுகளில் தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள் என்று அந்நிறுவனம் போட்ட கணக்கு மட்டும் தவறவில்லை.

அந்தச் சிரிப்பையும் அதன் அடியில் கிடக்கும் சலிப்பையும் சற்று நிதானமாக ஆராய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். முஸ்லிம் உலகம் மிக விரிந்ததாதலால், இந்த விஷயம் முற்றிப் பழுத்திருக்கும் பிரிட்டனையும் வட அமெரிக்காவையும் பிரதானமாக எடுத்துக்கொண்டு, மற்றத் தேசங்களைச் சந்தர்ப்பம் நேரும்போது தொட்டுச் செல்கிறேன். என் அபிப்பிராயத்தையும் முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். இணையம் தரகரை வீட்டுக்கு அனுப்பியபோது, அவர் செய்துவந்த வேலைகளுள் வரன் கொண்டுவரும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு, வேண்டாம் என்ற பதிலை நோகாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை எவர் தலையிலும் வைக்காமல் விட்டுவிட்டது. ஆதரவற்றுக் கிடந்த அந்த வேலையைத்தான் இன்று முஸ்லிம் இளைஞரின் ஹாஸ்யம் செய்துகொண்டிருக்கிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் ஏறக்குறைய 27 லட்சமாக இருந்த முஸ்லிம்களின் தொகை 2021இல் 39 லட்சமாயிற்று. மொத்த ஜனத்தொகையில் நூற்றுக்கு 6.5. இத்தனை பேரில் ஒருவருக்கு ஒருவர் அகப்படுவது என்ன பிரமாதம் என்று தொகையை மட்டும் கேட்பவர் எண்ணக்கூடும். ஆனால் மீர்ப்பூரிலிருந்து வந்து பிராட்ஃபோர்டின் ஆலைகளில் உழைத்தவர்களின் பேரர்களும், சில்ஹெட்டிலிருந்து வந்து கிழக்கு இலண்டனில் குடியேறியவர்களின் பேத்திகளும், சோமாலியரும், துருக்கியரும், அரபிகளும், கிழக்கு ஆப்பிரிக்கா வழியாக வந்த குஜராத்திகளும், இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் சென்ற நம்மவர்களும், இஸ்லாத்தைத் தழுவிய ஆங்கிலேயரும் அந்தத் தொகைக்குள் அடக்கம். கல்யாணப் பேச்சு என்று வரும்போது இவர்களுள் ஒவ்வொரு பிரிவாரும் மற்றவரைத் தூரத்து உறவினராகவே பாவிக்கிறார்கள்.

முதலில் குடியேறிய தலைமுறையினருக்கு இந்தக் கவலை இருக்கவில்லை. மகனுக்கோ மகளுக்கோ வயது வந்தவுடன் சொந்த ஊருக்குக் கடிதம் எழுதினார்கள்; உறவில் ஒரு பிள்ளை விமானம் ஏறி வந்து சேர்ந்தது. அந்த வழியைப் பின்னர் அரசாங்கம் ஒரு புறமும் பிள்ளைகள் மறுபுறமுமாக நின்று அடைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து துணையை வரவழைப்பவருக்கு வருஷத்தில் 18,600 பவுன் வருமானமாவது இருக்க வேண்டும் என்று 2012 ஜூலையில் விதி வந்தது. 2024 ஏப்ரலில் அது 29,000 பவுனாக உயர்ந்தது. பிள்ளைகளோ, அதிலும் சர்வகலாசாலைக்குச் சென்று பட்டம் பெற்று உத்தியோகத்தில் அமர்ந்த பெண்கள், தங்கள் பேச்சின் பரிகாசத்தை உடனே புரிந்துகொள்ளக்கூடிய, அதே தெருக்களில் வளர்ந்த ஒருவரை விரும்பினார்கள். அப்படிப்பட்டவரை எங்கே சந்திப்பது? அநேக பள்ளிவாசல்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வாயிலே வேறு. மதுக்கடையில் தொடங்கும் பிரிட்டிஷ் சல்லாபம் மார்க்கத்துக்கு ஒவ்வாது. எஞ்சியிருந்தவர், உருது பேசுவோர் பாதி அன்பும் பாதி அச்சமுமாக ‘ரிஷ்தா ஆன்ட்டி’ என்று அழைக்கும் மாது ஒருவரே. இன்னார் வீட்டில் டாக்டர் மாப்பிள்ளை, இன்னார் வீட்டில் சிவந்த பெண் என்று நினைவிலேயே பதிவேடு வைத்திருந்த அந்த மாதுக்குத் தம் ஊரார், தம் கிளையார் என்ற எல்லைக்கு அப்பால் ஒருவரையும் தெரியாது.

இந்த இடைவெளியில்தான் இணையம் புகுந்தது. இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு நகரில் அதீம் யூனிஸ் என்பவர் 2000ஆம் ஆண்டில் சிங்கிள்முஸ்லிம் என்ற தளத்தைத் தொடங்கினார். அமெரிக்காவில், யூட்யூபில் ஹாஸ்யப் பேச்சுகளால் பெயர் பெற்ற பாபா அலி என்பவர், விவாகம் மார்க்கத்தின் பாதி என்ற பிரசித்தமான வழக்கிலிருந்து பெயரெடுத்து ‘ஹாஃப் அவர் தீன்’ என்ற தளத்தை நிறுவினார். ஹாஸ்யக்காரர் ஒருவரே தரகுத் தொழிலுக்கு வந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை; பிரம்மச்சாரிகளின் துயரத்தை மேடையில் சொல்லிச் சிரிக்க வைத்தவரிடம் அதற்கு மருந்து கேட்டு ஜனங்கள் போவது இயல்புதானே. 2011இல் இலண்டனில் வங்கித் தொழிலிலிருந்த ஷாஸாத் யூனாஸ் மஸ்மேட்சை ஆரம்பித்தார். 2015இல் அமெரிக்காவில் ‘மைண்டர்’ என்ற செயலி வந்தது. சல்லாபச் செயலியான டிண்டரின் பெயரை நினைவூட்டிய அந்தப் பெயரை உதறிவிட்டு, பிற்காலத்தில் அது ‘சலாம்ஸ்’ என்று கௌரவமாக மாறிக்கொண்டது. மஸ்மேட்சுக்கோ பெயர் மாற்றம் நீதிஸ்தலத்தின் மூலம் வந்தது. டிண்டரின் உடைமையாளரான மேட்ச் குழுமம் தன் வியாபாரப் பெயரில் கைவைத்துவிட்டதாக வழக்குத் தொடுத்து 2022 ஏப்ரலில் வெற்றி பெற, செயலி ‘மஸ்’ என்று வாலறுந்து நின்றது. ஜோடி சேர்ப்பதற்கு ஏற்பட்ட ஸ்தாபனங்கள் தங்களுக்குள் சேர்ந்து வாழ முடியாமல் கோர்ட்டுக்குப் போயின என்ற பரிகாசம் அப்போது எழாமல் இருந்திருக்க முடியாது.

இனி அந்தச் செயலிகளுக்குள் நுழைந்து பார்ப்போம். தம்மைத் தாமே வர்ணிப்பது எவருக்கும் சங்கடமான காரியம். பணிவை ஒரு தர்மமாகப் போதித்து வளர்க்கப்பட்டவருக்கு அது இரட்டைச் சங்கடம். ஆகையால் குறிப்புகளெல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருக்கின்றன. தீனையும் துன்யாவையும், அதாவது மார்க்கத்தையும் உலக வாழ்வையும், சமமாக நிறுத்துபவர், மிதமானவர், ஆனால் மிக மிதமானவர் அல்லர், நவீனர், ஆயினும் சம்பிரதாயத்தை மதிப்பவர் என்று ஆயிரம் பேர் ஒரே வாக்கியத்தை எழுதியிருப்பார்கள். ‘எதுவானாலும் கேளுங்கள்’ என்று மட்டும் எழுதி, கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதிலளிக்கும் மௌன முனிவர்களும் உண்டு. மகளின் பெயரால் தாய் எழுதிய குறிப்பு, ‘நான் பொறியியல் படித்தவள்’ என்று ஆரம்பித்து, பாதியில் தாய்ப்பாசம் மீறி, ‘என் மகள் பிரியாணி பிரமாதமாகச் செய்வாள்’ என்று முடிவதும் உண்டு. படங்களிலோ, கஅபாவின் முன் முதுகு காட்டி நிற்பவர், நண்பர் ஐவரோடு நின்று தாம் எவர் என்று சொல்லாமல் விடுபவர், வாடகை மோட்டாரில் சாய்ந்திருப்பவர், பூனையை மட்டும் அனுப்பி வைப்பவர் என்று வகைகள் பல.

எல்லாவற்றிலும் ரஸமானது தொழுகையைப் பற்றிய கேள்வி. எப்போதும், பெரும்பாலும், சில வேளை, ஒருபோதும் இல்லை என்ற தோரணையில் விடைகள் கொடுக்கப்பட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுக்குமாறு செயலி கேட்கிறது. ஆண்டவனுக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டிய கணக்கை அன்னியர் பார்வைக்கு வைக்கும் இந்த ஏற்பாட்டில், ஐவேளையும் தவறாதவர் பெருமை கூடாதென்று ‘பெரும்பாலும்’ என்பதைத் தேர்ந்தெடுக்கிறார். வெள்ளிக்கிழமை மட்டும் பள்ளிவாசலை எட்டிப் பார்ப்பவர் எதிர்காலத்தின்மீது நம்பிக்கை வைத்து அதே ‘பெரும்பாலும்’ என்பதைத் தேர்ந்தெடுக்கிறார். பின்னர் இருவரும் ஒருவரையொருவர் சந்தித்து, முதல் நாள் மாலையில் மஃரிப் தொழுகை நேரம் வரும்போது உண்மை விளங்குகிறது. இந்தச் சிரிப்பில் மார்க்க நிந்தனை சிறிதும் கிடையாது. சிரிப்பவர்கள் தொழுபவர்களே, பக்தியைப் பதிவேட்டுக் கட்டத்துக்குள் அடைக்க முயலும் இயந்திரத்தை நோக்கித்தான் அவர்கள் நகைக்கிறார்கள்.

ஹாஸ்யம் தரகரின் ஆசனத்தில் ஏறி அமர்ந்த விதத்தைத் தெளிவாகக் காட்டுபவை இஸ்திகாரா பற்றிய பரிகாசங்களே. ஒரு காரியத்தில் முடிவு காணாமல் தயங்குபவர் இரண்டு ரக்அத் தொழுது, இது எனக்கு நன்மையானால் எளிதாக்கு, தீமையானால் என்னை அதிலிருந்து திருப்பிவிடு என்று இறைவனை வேண்டும் தொழுகை அது. கனவு வர வேண்டும், பச்சை வெளிச்சம் தெரிய வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை இல்லை என்று மார்க்க அறிஞர்களான உலமாக்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஆயினும் மூன்று வாரம் பேசிய ஒருவரை எப்படி மறுப்பது என்று தெரியாமல் தவிக்கும் இளைஞருக்கு, ‘இஸ்திகாரா செய்தேன், மனம் ஒப்பவில்லை’ என்ற வாக்கியம் பெரிய அடைக்கலம். அதை எதிர்த்து அப்பீல் கிடையாது. உயரம் போதவில்லை என்று ஒருவர் சொன்னால் வாதாடலாம், ஆண்டவனிடமிருந்து பதில் வந்துவிட்டது என்று சொன்னால் என்ன செய்வது? இப்படிப்பட்ட பதிலைப் பலமுறை பெற்றவர்கள், எனக்கெதிராக வானுலகில் ஒரு கோப்பே திறந்திருக்கிறது போலும் என்ற பாவனையில் சிரிக்கிறார்கள். அந்த வாக்கியத்தை வெறும் சாக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பழைய தரகர், பையனுக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை என்பதை மறைத்து, ‘பெரியவருக்கு உடம்பு சரியில்லை, இந்த வருஷம் கல்யாணம் வேண்டாமென்கிறார்கள்’ என்று சொல்லி வந்தாரே, அந்தத் தயவான பொய்யின் ஸ்தானத்தில்தான் இது வந்து நிற்கிறது.

அந்த வாக்கியத்தைக்கூடச் சொல்லாமல் மறைந்துவிடுபவர்கள்தாம் தொகையில் அதிகம். நேற்று வரை பிள்ளைகளுக்கு என்ன பெயர் வைப்பது என்று பேசியவர் இன்று பதிலளிப்பதில்லை; செய்தி வாசிக்கப்பட்டதற்கான நீல அடையாளம் மட்டும் தெரிகிறது. இணைய யுகத்தின் நூதனக் கொடுமை என்று இதைப் பலர் சொல்வார்கள். ஆனால் இஸ்லாமிய மரபிலேயே இதற்குத் தொன்மையான ஒரு சாட்சி இருக்கிறது. நபிகள் நாயகத்தின் தோழரான உமர் அவர்கள், கணவனை இழந்திருந்த தம் மகள் ஹஃப்ஸாவுக்கு வரன் தேடி முதலில் சக தோழர் உதுமானிடம் போனார். அவர் சில நாள் யோசித்து, இப்போது விவாக எண்ணம் இல்லை என்று சொல்லிவிட்டார். பிறகு மற்றொரு தோழரான அபூபக்கரிடம் போனார். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, வாயே திறக்கவில்லை. மறுத்த உதுமானைவிட மௌனமாயிருந்த அபூபக்கர்மீதுதான் தமக்கு அதிக மனஸ்தாபம் உண்டாயிற்று என்று உமர் சொன்னதாக ஸஹீஹ் புகாரி என்ற நபிமொழித் தொகுப்பு பதிவு செய்கிறது. பின்னர் நபிகள் நாயகம் ஹஃப்ஸாவை மணந்துகொண்டபோது அபூபக்கர் தாமே உமரிடம் வந்து, நாயகம் அப்பெண்ணைப் பற்றிப் பேசியது தமக்குத் தெரியுமென்றும், அந்த ரகசியத்தை வெளியிடக் கூடாதென்றே பேசாமலிருந்ததாகவும் விளக்கம் சொன்னார். உமரைப் போன்ற வன்மையான மனிதரையே மறுப்பைவிட மௌனம் அதிகம் வாட்டியது என்றால், இருபத்தெட்டு வயதுப் பெண் நள்ளிரவில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு கிடப்பதில் வியப்பு என்ன? அபூபக்கரைப் போல் பின்னால் வந்து காரணம் சொல்பவர் மட்டும் செயலியில் அகப்படுவதில்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் அதே மரபில் உண்டு. ஃபாத்திமா பின்த் கைஸ் என்ற மாது, தமக்கு வந்த வரன்களைப் பற்றி நபிகள் நாயகத்திடம் ஆலோசனை கேட்டபோது, முஆவியா பணமில்லாதவர், அபூ ஜஹ்ம் தோளிலிருந்து கோலை இறக்காத முரடர் என்று நாயகம் ஒளிவுமறைவின்றிச் சொல்லி, உஸாமாவை மணக்குமாறு கூறினார்கள். அம்மாது முதலில் தயங்கினாலும் பிறகு இசைந்து, அந்த வாழ்வில் பிறர் பொறாமைப்படும் சுகம் கண்டதாகத் தாமே சொல்லியிருக்கிறார். தேர்ந்த தரகரின் லட்சணம் இதுவே: எவரிடம் என்ன குறை என்று அவருக்குத் தெரியும், அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லும் துணிவும் உண்டு. செயலியில் எல்லோரும் தம் குணத்தைத் தாமே எழுதிக்கொள்வதால் அபூ ஜஹ்மும் தம்மைச் சாந்த சுபாவி என்றுதான் எழுதுவார்.

தரகர் இல்லாத குறையைச் செயலிக்காரர்களும் உணராமலில்லை. பெண் விரும்பினால் தன் தந்தையையோ சகோதரனையோ ‘வலீ’யாக, அதாவது காப்பாளராக, குறிப்பிட்டு, உரையாடலின் பிரதி வாரந்தோறும் அவருக்கு மின்னஞ்சலில் போய்ச் சேரும்படி மஸ்மேட்ச் ஓர் ஏற்பாடு செய்தது. மார்க்க ஒழுக்கத்துக்கு உகந்ததே. ஆயினும் அதில் விளையும் ஹாஸ்யத்தை எண்ணிப் பாருங்கள். பட்டப்படிப்பு முடித்த இளைஞன் நளினமாக எழுத முயன்ற ஒரு வரியை, பெண்ணின் தந்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கணக்கு நோட்டைச் சரிபார்ப்பவரைப் போல் படிக்கிறார். தந்தை படிப்பார் என்று தெரிந்தவுடன் இளைஞனின் நடையே மாறி, வானிலையும் விலைவாசியும் பேச்சில் இடம்பிடித்துவிடும்.

இதுவரை சொன்னவை சிரிக்கத்தக்கவை. சிரிப்பு தொண்டையில் நின்றுவிடும் பகுதி ஒன்று உண்டு. அரபிக்கு அரபியல்லாதவன்மீதோ வெள்ளையனுக்குக் கறுப்பன்மீதோ உயர்வில்லை என்பதை மேடைதோறும் முழங்கும் சமூகம், வரன் தேடும்போது இனம், நிறம், பிராதரி எனப்படும் கிளை ஆகிய கட்டங்களை ஒவ்வொன்றாகத் தட்டுகிறது. முன்பு ஆன்ட்டியின் வாயில் முணுமுணுப்பாக இருந்தது செயலியில் பொத்தானாகிவிட்டது. ஷாதி.காம் என்ற பொது விவாகத் தளம், பெண்களின் மனுவொன்று எழுந்த பிறகு, 2020 ஜூனில் தோல் நிறத்தை வைத்துத் தேடும் வசதியை நீக்கியது. பொத்தானை நீக்குவது எளிது. கறுப்பின முஸ்லிம்களும் புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்களும் படும் அவமானம் இதில் தனி அத்தியாயம். தொழுகைக்கு நிற்கும்போது தோளோடு தோள் சேர்ந்து நின்றவர், பெண் கேட்டு வந்தால் குடும்பம் வேறு, கலாசாரம் வேறு என்கிறார். புதிதாக வந்தவருக்குப் பேசுவதற்கு முஸ்லிம் தந்தையோ மாமனோ இல்லை. இமாம் ஒருவரே வலீயாக நிற்க வேண்டியிருக்கிறது.

பெண்களின் பங்குக்கு வந்த சலிப்பு ஆண்களுடையதைவிடக் கனமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. யூத, கிறிஸ்தவப் பெண்களை மணக்க ஆணுக்குப் பாரம்பரியச் சட்டம் இடமளிக்கிறது. பெண்ணுக்கு அந்த வாயில் இல்லை. ஆகவே படித்த ஆண்களில் ஒரு பகுதியினர் வெளியே மணந்து போக, படித்த பெண்கள் எஞ்சுகிறார்கள். முப்பது வயதைத் தாண்டினாலோ தேடுவோரின் வயது வரம்பே அவர்களைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறது. இதிலிருந்துதான் ஒரு சிறிய இலக்கியமே பிறந்திருக்கிறது. எகிப்தின் மஹல்லா நகரத்தில் மருந்தாளராக இருந்த காதா அப்தல் ஆல், தம்மைப் பெண் பார்க்க வந்தவர்களின் கோமாளித்தனங்களை 2006 முதல் எழுதிவந்து, 2008இல் ‘எனக்குக் கல்யாணம் வேண்டும்’ என்ற பொருள்படும் தலைப்பில் புத்தகமாக வெளியிட்டார். 2010 ரமலானில் ஹிந்த் ஸப்ரி நடிக்க அது தொலைக்காட்சித் தொடராயிற்று. மானமுள்ள பெண் வாய்விட்டுச் சொல்லக் கூடாத வாக்கியத்தையே தலைப்பாக்கியதில் அவருடைய தைரியம் முழுவதும் இருந்தது. பிரிட்டனில் ஷெலினா ஜான்முஹம்மது 2009இல் தம் வரன் தேடலைச் சுயசரிதையாக எழுதினார். ஆயிஷா மாலிக்கின் 2015ஆம் ஆண்டு நாவலில் வரும் சோஃபியா கான், மாமனார் வீட்டோடு சேர்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனையால் மணப்பேச்சை முறித்துக்கொண்டு வந்தவள். வேலை செய்யும் பதிப்பகமோ முஸ்லிம்களின் வரன் தேடலைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதுமாறு அவளைக் கேட்கிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மாப்பிள்ளை மனைவி வீட்டில் வந்து தங்கும் வழக்கத்தை அறிந்த நம் வாசகர்கள், சோஃபியாவின் சங்கடத்துக்கு அங்கே விடை இருந்ததே என்று எண்ணிக்கொள்ளலாம். 2017இல் வந்த ‘தி பிக் ஸிக்’ திரைப்படத்தில் ஆணின் தரப்பு பேசப்படுகிறது: விருந்து நேரத்தில் தற்செயலாக வந்ததுபோல் தாய் வரவழைக்கும் பெண்களின் படங்களை மகன் ஒரு சுருட்டுப் பெட்டியில் போட்டு வைக்கிறான். ஆண்களின் முறையீட்டையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். உயரம், சம்பளம், சொந்த வீடு என்ற அளவுகோல்கள் அவர்களையும் குறுக்குகின்றன, நூறு பேருக்கு எழுதி ஒருவரிடமிருந்தும் பதில் வராத நிலை பெரும்பாலும் ஆண்களுக்கு நேர்வது.

சலித்தவர்கள் எங்கே போகிறார்கள்? கோலாலம்பூரில் பெண்கள் காப்பாளரோடு வந்தமர, ஆண்கள் மேசைக்கு மேசை நகர்ந்து சில நிமிஷம் பேசும் ‘ஹலால்’ சந்திப்புகள் நடந்திருக்கின்றன. வட அமெரிக்க இஸ்லாமியச் சங்கத்தின் வருடாந்திர மாநாட்டில் விவாக விருந்துக்கென்றே கூடம் ஒதுக்குகிறார்கள். மற்றப்படி பெரும்பாலோர் ஆன்ட்டியிடமே திரும்புகிறார்கள். அவரோ இதற்குள் வாட்ஸப் குழு நடத்தக் கற்றுக்கொண்டு, பயோடேட்டாக்களைக் கைப்பேசியில் அடுக்கி வைத்திருக்கிறார். மறுப்பைச் சொல்லும் வேலையையும் அவரே செய்கிறார் என்பதற்காகவே சிலர் அவருக்கு மனமுவந்து கட்டணம் கொடுக்கிறார்கள்.

ஆன்ட்டியாலும் செயலியாலும் ஆகாத ஒரு கூட்டம் இன்னும் வெளியே நிற்கிறது: விவாகரத்துப் பெற்றவர்கள், துணையை இழந்தவர்கள், பிள்ளையோடு இருப்பவர்கள். இப்படிப்பட்ட பெண்களைத் தேற்ற வருகிறவர்கள் கதீஜா நாயகியை உதாரணம் காட்டுவது வழக்கம். வியாபாரச் சீமாட்டியான அவர், தம்மைவிட இளையவரான நபிகள் நாயகத்துக்குத் தாமே தோழி நஃபீஸாவைத் தூதனுப்பி மணம் பேசினார் என்பது வரலாறு. எல்லோரும் கதீஜாவைப் புகழ்கிறார்கள், கதீஜாவின் வயதில் ஒருத்தி எழுதினால் பதில் போடுவதில்லை என்று பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். இக்கட்டுரையில் பெயர் வந்த மற்ற இரு மாதர்களையும் அவரோடு சேர்த்துப் பார்த்தால், கதீஜா கணவரை இழந்தவர், ஹஃப்ஸா கணவரை இழந்தவர், ஃபாத்திமா பின்த் கைஸ் தலாக் சொல்லப்பட்டு, இத்தா எனும் காத்திருப்புக் காலத்தை முடித்தவர். மரபு பெருமையோடு எடுத்துச் சொல்லும் மணப்பேச்சுகள் இவர்களுடையவையாக இருக்க, இன்றைய தேடல் படிவத்தில் ‘முன்பு மணமாகாதவர்’ என்ற கட்டத்தைத் தட்டியவுடன் மூவரும் பட்டியலிலிருந்து நீங்கிவிடுகிறார்கள்.